பேரீச்சம் பழத்தைத் துப்பியவர்கள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எல்லாச் சமயத்தாரும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு மேடை பழக்கமில்லை, தேநீர் ஆற்றித்தான் பழக்கம். என் அத்தா காலத்திலிருந்து இந்த ஊரில் கடை வைத்திருக்கிறோம். சம்பள நாளில் தோட்டத்திலிருந்து வந்து இறங்குகிறவர்கள் ரொட்டி சானாய்க்கு எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். இன்றைக்குப் பேசப்போகிற விஷயமும் அந்தக் கடையில் ஆரம்பித்ததுதான்.

தினமும் காலையில் வரும் ஓர் அண்ணன் இருக்கிறார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். ஒருநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "பாய், தப்பா நினைக்காதீங்க. உங்க குர்ஆன்லயே கண்ட இடத்துல வெட்டுன்னு இருக்காமே?"

"இஸ்லாம்னாலே சமாதானம்தான் அண்ணே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்துப் போய்விட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கருவாட்டு விலை கேட்டவரிடம் கடலின் அழகைச் சொல்லி அனுப்பிய மாதிரி இருந்தது. அவர் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதிலை இன்று சொல்லப் பார்க்கிறேன்.

அந்த வசனம் இருக்கிறதா? இருக்கிறது. 9ஆம் அத்தியாயம், 5ஆவது வசனம். இணைவைப்பாளர்களை, அதாவது இறைவனோடு வேறு தெய்வங்களையும் சேர்த்து வணங்குகிறவர்களை, கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்று வருகிறது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 4ஆவது வசனத்தையும் படிக்க வேண்டும். செய்த உடன்படிக்கையைக் காப்பாற்றியவர்களோடு நீங்களும் காலக்கெடு வரை உடன்படிக்கையைக் காப்பாற்றுங்கள் என்கிறது அது. ஆக, பேச்சு ஒப்பந்தத்தை முறித்துப் போருக்கு நின்ற அரபுக் குலங்களைப் பற்றியது. அப்புறம் 6ஆவது வசனம்: அவர்களில் ஒருவர் உங்களிடம் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், இறைவனின் பேச்சைக் கேட்கட்டும், பிறகு அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். முஸ்லிம் ஆனால்தான் விடுவோம் என்ற பேச்சே அதில் இல்லை. குண்டு வைக்கிறவனும் 5ஆவது வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறான். எங்களைத் திட்டுகிறவரும் அதே இடத்தில்தான் நிறுத்துகிறார். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் கூட்டாளிகள்.

நபியவர்கள் மக்காவில் இருந்த சுமார் 13 ஆண்டுகளும் அடிவாங்கிய காலம். திருப்பி அடிக்க அனுமதி இல்லை. 622இல் மதீனாவுக்குப் போன பிறகுதான் போருக்கு அனுமதி வருகிறது. அது 22ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அநியாயம் செய்யப்பட்டு வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கான அனுமதி அது. தடுத்து நிறுத்த ஆள் இல்லாவிட்டால் மடங்களும் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்பட்டிருக்கும் என்று காரணம் சொல்கிறது அடுத்த வசனம். பள்ளிவாசல் கடைசியாகத்தான் வருகிறது, கவனியுங்கள். 2ஆம் அத்தியாயம் இன்னும் நேராகச் சொல்கிறது: உங்களோடு போரிடுகிறவர்களோடு போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள்.

அந்த வரம்பு எங்கே இருக்கிறது? ஒரு போர்க்களத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடப்பது தெரிந்ததும், பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது என்று நபியவர்கள் தடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்பிலும் இது இருக்கிறது. நபியவர்களுக்குப் பின் ஆட்சிக்கு வந்த தலைவரைக் கலீபா என்போம்; முதல் கலீபா அபூபக்ர், சிரியாவுக்குப் படை அனுப்புகிறார். தளபதி யசீத் பின் அபூசுஃப்யான் குதிரையில் போகிறார், கலீபா பக்கத்தில் நடந்து வருகிறார். "நீங்கள் ஏறுங்கள், இல்லாவிட்டால் நான் இறங்குகிறேன்" என்கிறார் தளபதி. இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நடந்தபடியே கட்டளைகளைச் சொல்கிறார் கலீபா. பெண்ணை, குழந்தையை, தள்ளாத முதியவரைக் கொல்லாதே. காய்க்கும் மரத்தை வெட்டாதே. மக்கள் குடியிருக்கும் இடத்தை அழிக்காதே. ஆட்டையும் ஒட்டகத்தையும் சாப்பாட்டுக்காகத் தவிர அறுக்காதே. மடங்களில் தங்களை ஒதுக்கிக்கொண்ட துறவிகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடு. இமாம் மாலிக் தொகுத்த முவத்தா என்ற பழைய நூலில் இது பதிவாகியிருக்கிறது.

மரத்தைப் பற்றிய கட்டளை உங்களுக்குப் புரிகிற மாதிரி நகரத்துக்காரருக்குப் புரியாது. ரப்பர் கன்று வைத்தால் கத்தி போட ஆறேழு வருஷம், செம்பனை முதல் குலை தள்ள மூன்று வருஷம் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மரத்தை வெட்டினால் பகைவனோடு போகாது, அவன் பேரனின் சோறும் சேர்ந்து போகும். மதீனாவில் இருந்த பனூ நளீர் என்ற யூதக் குலத்தை நபியவர்கள் முற்றுகையிட்டபோது சில பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டதும் உண்டு, குர்ஆனே அதைப் பேசுகிறது. அறிஞர்கள் அதை வைத்து நிறைய வாதாடியிருக்கிறார்கள். போரில் மரத்தை வெட்டலாமா என்று உட்கார்ந்து வாதாடிய மார்க்கம் இது. அதன் பெயரைச் சொல்லித்தான் சந்தையில் குண்டு வைக்கிறார்கள்.

ஆயுதத்துக்கு நடுவே மாட்டிக்கொள்வது என்னவென்று இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 1948 ஜூன் 16ஆம் தேதி, இதோ இந்தப் பக்கத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரர்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். அதிலிருந்து அவசரகாலம், 1960 வரைக்கும். காட்டிலிருந்து வந்தவனுக்கு அரிசி கொடுத்தால் ராணுவம் பிடிக்கும், கொடுக்காவிட்டால் காட்டுக்காரன் விடமாட்டான். அதை அனுபவித்தவர்களின் பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி, இத்தனை வரம்பு இருந்தும் இந்தக் குண்டு வைக்கிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? இது புதுநோய் இல்லை. நான்காவது கலீபா அலீ காலத்திலேயே ஒரு கூட்டம் கிளம்பியது. காரிஜிகள் என்று பெயர். தொழுது தொழுது நெற்றி காய்த்தவர்கள். தங்களோடு ஒத்துப்போகாத முஸ்லிம் காஃபிர், அதாவது இறைமறுப்பாளன், அவன் இரத்தத்தைச் சிந்தலாம் என்றார்கள். நபித்தோழர் ஒருவரின் மகன் அப்துல்லாஹ் பின் கப்பாப், கர்ப்பிணி மனைவியோடு போகும் வழியில் இவர்களிடம் சிக்கினார். அந்த நேரம் மரத்திலிருந்து ஒரு பேரீச்சம் பழம் விழுந்தது. காரிஜிகளில் ஒருவன் எடுத்து வாயில் போட்டான். காசு கொடுக்காமல், அனுமதி கேட்காமல் தின்னலாமா என்றான் இன்னொருவன். இவன் உடனே துப்பிவிட்டான். அப்புறம் அப்துல்லாஹ்வை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் அறுத்தார்கள், அந்தப் பெண்ணையும் கொன்றார்கள்.

பழைய வரலாற்று நூல்களில் இந்தச் சம்பவத்தைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழத்துக்குக் கணக்குப் பார்த்தவன் உயிருக்குப் பார்க்கவில்லை. 661இல் இராக்கின் கூஃபா நகரப் பள்ளிவாசலில், அதிகாலைத் தொழுகை நேரத்தில் அலீயை வாளால் வெட்டியவனும் இந்தக் கூட்டத்து ஆள்தான். வெட்டுப்பட்டுக் கிடந்த அலீ பிள்ளைகளிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது: நான் செத்தால் அவனுக்கு ஓர் அடிக்கு ஓர் அடி மட்டும். உடலைச் சிதைக்காதீர்கள். என் பெயரைச் சொல்லி வேறு யார் இரத்தத்திலும் கைவைக்காதீர்கள்.

2019 ஈஸ்டர் ஞாயிறு அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250 பேருக்கு மேல் செத்தார்களே, மட்டக்களப்பில் செத்தவர்களில் குழந்தைகளும் நிறைய, அதைச் செய்தவர்களையும் நான் இந்தக் கூட்டத்தில்தான் சேர்க்கிறேன். உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள் என்பது குர்ஆன் வசனம். தன்னைக் கொன்றவன் எதனால் கொன்றானோ அதே வேதனையில் நரகத்தில் கிடப்பான் என்பது நபிமொழி. குண்டைக் கட்டிக்கொண்டு போனவன் இரண்டையும் மீறித்தான் போனான். அவர்கள் உடல்களை ஏற்கமாட்டோம் என்று இலங்கை முஸ்லிம் அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமா சொல்லிவிட்டது. 2008இல் மும்பையில் சுட்டவர்களுக்கும் அந்த ஊர் முஸ்லிம்கள் அடக்கம் செய்யக் கபர் இடம் தர மறுத்தார்கள்.

நம் நாட்டுக்கும் வந்தது. 2016 ஜூன் 28, நோன்பு மாதம். பூச்சோங்கில் ஒரு கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு, 8 பேருக்குக் காயம். சிரியாவில் உட்கார்ந்திருந்த ஒரு மலேசியர் இங்குள்ளவர்களுக்குக் கட்டளை அனுப்பினார் என்றது போலீஸ்.

இங்கே என் ஆட்களிடம், முஸ்லிம் சகோதரர்களிடம் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வருகிறது. யாரோ ஒருவர் அழுதுகொண்டே ஆவேசமாகப் பேசுகிறார். நாமும் முழுதாகப் பார்க்காமல் நாலு பேருக்குத் தட்டிவிடுகிறோம். போன வருஷம் என் அக்கா மகன் எனக்கே ஒன்று அனுப்பினான். பள்ளிவாசல்களில் ஓதுகிற ஆலிம்கள் எல்லாம் விலைபோனவர்கள் என்று அதில் ஒருவர் பேசுகிறார். அலீயைப் பற்றிக் காரிஜிகள் பேசியதும் ஏறக்குறைய இதேதான். நான் அவனைத் திட்டவில்லை. திட்டினால் எனக்கு அனுப்புவதை நிறுத்துவான், பார்ப்பதை நிறுத்தமாட்டான். கடைக்கு வரச் சொல்லி அந்தப் பேரீச்சம் பழத்தின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, இதை ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லல?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

பேச்சு நீண்டுவிட்டது, பின்னால் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். முதலில் கேள்வி கேட்டுவிட்டுச் சரியான பதில் கிடைக்காமல் போன அந்த அண்ணன் மூன்றாவது வரிசையில் இருக்கிறார், கையில் தாளில் ஏதோ எழுதியும் வைத்திருக்கிறார். அண்ணே, மைக்கை வாங்கிக்கோங்க.