கஞ்சிப் பானைக்குச் சேர்ந்த காசு

(நுவரெலியா மாவட்டத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் பேசியது)

பெரியவர்களே, டீச்சர்மாரே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி லேஞ்சி முடிச்சை அவிழ்த்து என் மேசையில் வைத்தாள். நூறு ரூபாய்த் தாள் ஒன்று, மிச்சமெல்லாம் குற்றிக் காசு. எண்ணினேன், 250 ரூபாய். லயத்து வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்ட பாத்தியில் கீரை பிடுங்கி, ஐந்து கட்டு விற்றிருக்கிறாள். குற்றிகளில் மண் ஒட்டியிருந்தது. துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

நாம் உண்டியலில் சேர்க்கிற காசோடு அதுவும் போகும் இடம் மலாவியில் ஒரு பள்ளிக்கூடம். மலாவி, ஆப்பிரிக்காவில் கடலே இல்லாத சின்ன நாடு. அங்கே முலாஞ்சே என்று ஒரு மலை, அதன் அடிவாரமெல்லாம் தேயிலை. நம் மலையில் கோப்பி நோய் விழுந்து அழிந்த பிறகு, இங்கிருந்து போன ஒரு தோட்டத் துரைதான் 1890களின் தொடக்கத்தில் அங்கே தேயிலை நட்டார். அங்கேயும் கொழுந்து பறிக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் ஃபிரெடி புயலில் அந்த மலையும் சரிந்தது. வீடிழந்த சனங்கள் பள்ளிக்கூடங்களில்தான் படுத்தார்கள். 2014இல் பதுளைப் பக்கம் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது நம் ஆட்களும் பள்ளிக்கூடங்களில்தானே தங்கினார்கள்?

1994இல் மலாவி அரசு ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியது. அதுவரை 19 லட்சமாக இருந்த பிள்ளைகள் ஏறக்குறைய 30 லட்சம் ஆனார்கள். பிள்ளைகள் வந்த வேகத்துக்கு வகுப்பறை வரவில்லை, வாத்தியாரும் வரவில்லை. மரத்தடியில் பாடம் நடந்தது.

ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "நம்மகிட்டயே இல்ல டீச்சர், எங்கேயோ இருக்கிற பிள்ளைக்கு நாம கொடுக்கணுமா?" நியாயமான கேள்வி. நாட்சம்பளத்துக்கு இன்னும் போராடுகிற வீட்டிலிருந்து வந்த கேள்வி. நான் சொன்னது இதுதான். 1980களில் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடம் வர சுவீடன் நாட்டுக் காசு உதவியது. நான் படித்த காலத்தில் இடைவேளைக்குக் கொடுத்த பிஸ்கட்டும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். அந்தப் பிஸ்கட்டுக்காகவே பள்ளிக்கூடம் வந்த நாட்கள் எனக்கு உண்டு. 2022இல் தமிழ்நாட்டு அரிசி நம் வீடுகளுக்கு வந்தது. வாங்கிய கைக்குக் கொடுக்கவும் உரிமை இருக்கிறது. நம் பிள்ளைகளை என்றைக்கும் வாங்குகிறவர்களாகவே நிறுத்தி வைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் ஒரு தவறு செய்யப் பார்த்தோம். முதலில் கொப்பி, பென்சில் எல்லாம் பெட்டி கட்டி அனுப்புவதாக யோசித்தோம். தபாற்கூலியை விசாரித்தால் கொப்பிகளின் விலையை விட அதிகம். அப்புறம்தான் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் கேட்டான்: "டீச்சர், அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டோமா?" கேட்கவே இல்லை. அங்கே வேலை செய்கிற அருட்சகோதரி வழியாக அந்தப் பள்ளிக்கூட அதிபருக்கு எழுதினோம். பதில் ஒரே வரிதான்: கஞ்சி காய்ச்ச ஒரு பெரிய பானையும், மா வாங்கக் காசும்.

சோளமாவும் சோயாமாவும் கலந்து காய்ச்சுகிற கஞ்சி அது. அவர்கள் மொழியில் பாலா என்பார்கள். காலையில் ஒரு கோப்பை கிடைத்தால் பிள்ளை பகல்வரை உட்கார்ந்து படிக்கும், கிடைக்காவிட்டால் பாதியிலேயே வீட்டுக்கு நடந்துவிடும். எனக்கு அந்தப் பிஸ்கட் ஞாபகம் வந்தது.

பானையையும் மாவையும் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள், நாம் காசை மட்டும் அனுப்பினால் போதும். ஒன்று கவனியுங்கள். அங்கே சோளம் அறுப்பது ஏப்ரல் வாக்கில். அதற்கு முந்தின ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் வீடுகளில் மாவு தீர்ந்து பசி கடுமையாகும். அதனால் காசு டிசம்பருக்குள் போய்ச் சேர வேண்டும். நம் அதிபர் ஐயா வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போகிறார். உண்டியல் வாசலில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நிற்கிறாளே, அவள்தான் அந்தக் கீரைக்காரி.