தகட்டின் கோடும் தூரிகையின் நிறமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கையால் நிறந்தீட்டப்பட்ட பூ அச்சோவியங்களைக் காணும்போது, இந்தப் பூ எதைக் குறிக்கிறது என்று கேட்கிறோம். அந்தக் குறிப்பைத் தந்தது தகடா தூரிகையா என்று கேட்பதில்லை. இன்று இரண்டாவது கேள்வியையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எட்சிங் முறையில், செப்புத்தகட்டில் மெழுகுப்பூச்சைப் பரப்பி ஊசியால் கீறுகிறார்கள். பூச்சு அகன்ற கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்குகிறது. மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால், பள்ளத்தில் தங்கிய மை தாளில் ஏறிவிடுகிறது. இதழின் நரம்பும் தண்டின் முள்ளும் எல்லாப் படிகளிலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். நீர்வண்ணமோ ஒவ்வொரு தாளிலும் தனித்தனியே ஏறுவது; ஆகவே ஒரே தகட்டில் பிறந்த இரண்டு பூக்கள் முழுதும் ஒத்திருப்பதில்லை.

பொருளும் பெரும்பாலும் அந்த நிறத்தோடுதான் வருகிறது. ஐரோப்பியக் கலைமரபில் சிவப்பு ரோஜா காதலையும் தியாகிகளின் குருதியையும் குறித்தது. வெள்ளை ரோஜா கன்னி மரியாளின் தூய்மையைக் குறித்தது. கோட்டளவில் இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. தகடு பொறிக்கும் கலைஞரான கிறிஸ்பைன் வான் டி பாஸ் 1614-இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் வெளியிட்ட பூத்தொகுப்பின் ஆங்கிலப் பதிப்பு, எந்தப் பூவுக்கு என்ன நிறம் தீட்டவேண்டும் என்பதை வாசகருக்கே எழுத்தில் சொல்லிக்கொடுத்தது. டியூலிப்பில் இது இன்னும் கூர்மையாகிறது. அக்காலத்தார் பெரிதும் விரும்பியவை, வைரஸ் தாக்கியதால் இதழில் வரியோடிய டியூலிப்கள். மிக உயர்ந்திருந்த அவற்றின் விலை 1637 பிப்ரவரியில் நெதர்லாந்தில் சரிந்தபின், அந்தப் பூவே பேராசைக்கும் வீண்பெருமைக்கும் அடையாளமாயிற்று. நோய்தான் அழகாக விற்கப்பட்டது என்பதை ஓவியர் எவரும் அறிந்திருக்கவில்லை. கறுப்பு மையில் மட்டும் அச்சான தாளில் அந்தத் தீநாக்கு வரிகள் முழுமையாக எரிவதில்லை. தூரிகைதான் அவற்றை மூட்டவேண்டும்.

இதற்கு மாறாக ஒரு பூ உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையாகாது. தென் அமெரிக்காவில் பேஷன் மலரைக் கண்ட ஸ்பானியக் கிறித்தவத் துறவியர், அதன் இழைவட்டத்தை இயேசுவின் முள்முடியாகவும், ஐந்து மகரந்தப் பைகளை அவருடைய ஐந்து காயங்களாகவும், மூன்று சூலகமுடிகளைச் சிலுவையின் மூன்று ஆணிகளாகவும் கண்டார்கள். இங்கே பொருள் எண்ணிக்கையிலும் வடிவத்திலும் அமைந்திருப்பதால், ஊசியின் கோடே போதும். நிறம் வெறும் அணிதான்.

கோடும் நிறமும் ஒரே கையிலிருந்து வந்ததும் உண்டு. கடனுக்காகச் சிறைப்பட்டிருந்த கணவரை மீட்கும் பொருட்டு எலிசபெத் பிளாக்வெல் என்ற ஓவியர், லண்டனின் செல்சி மூலிகைத் தோட்டத்துச் செடிகளைப் பார்த்துத் தாமே வரைந்து, தாமே பொறித்து, தாமே நிறந்தீட்டி, 1737 முதல் 1739 வரை 500 தகடுகளை வெளியிட்டார். கிரேக்கர் காலந்தொட்டு உறக்கத்தையும் மரணத்தையும் குறித்துவந்த பாப்பிப் பூவும் அவற்றில் உண்டு. மருத்துவர்களுக்காகச் செய்த நூலாதலால், அவர் அதை மருந்தாக மட்டுமே தீட்டினார்; ஆயினும் உறக்கம் தருவதுதான் அந்த மருந்தின் வேலையும்.