நிழல் பட்டால் மறையும் மரங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பெசன்ட் நகர் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பழைய சிப்பி ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். சிலவற்றின் முதுகில், கோலம் போடத் தெரியாத குழந்தை மாவை இழுத்துவிட்டதுபோல வெள்ளைக் கோடு ஒன்று நெளிந்து ஓடும். நகத்தால் தட்டினால் கல் மாதிரிக் கெட்டியாக இருக்கும். அது ஒரு புழு, தானே சுரந்த சுண்ணாம்பால் கட்டிய வீடு. காசிமேட்டில் கரையேற்றிய படகுகளின் அடியிலும் இத்தகைய குழாய்கள் ஒட்டியிருக்கும்.

இதே குடும்பத்துப் பேரழகிதான் கிறிஸ்துமஸ் மரப் புழு. அதைப் பார்க்க நான் மன்னார் வளைகுடாவுக்குப் போனேன். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். மண்டபம் பக்கம் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டதும், பழுப்புப் பவளம் ஒன்றின் மேல் நீலமும் ஆரஞ்சுமாகக் குட்டி மரங்கள், ஜோடி ஜோடியாக. கட்டைவிரல் உயரம்கூட இல்லை. ஆசையாகக் கையை நீட்டினேன். நிழல் விழுந்ததுதான் தாமதம், ஒன்றையும் காணோம். துளைகள் மட்டும் இருந்தன, மூடி போட்டு அடைத்தபடி.

ஒரு ஜோடி மரம் என்பது ஒரே புழு. அந்தச் சுருள் இறகுகளால்தான் அது மூச்சுவிடுகிறது, மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்து வாய்க்கு அனுப்புகிறது. நிழலைக் கண்டுகொள்ளும் கண்களும் அங்கேயே இருக்கின்றன.

குஞ்சுப் பருவத்தில் கடலில் மிதந்து திரியும். அப்புறம் உயிருள்ள பவளத்தில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் சரி, ஆயுசுக்கும் அதே இடம்தான். பவளம் வளர வளரக் குழாயைச் சூழ்ந்துகொள்ளும். புதைந்துவிடாமல் புழுவும் குழாய் வாயை நீட்டிக்கொண்டே போகும். இப்படிப் பத்து வருஷத்துக்கு மேலும் வாழும். பவளத்தை அது தின்பதில்லை. முள்முடி நட்சத்திர மீன் மேய்ந்துவிட்டுப் போன பவளத்தில், இந்தப் புழுக்களைச் சுற்றி மட்டும் உயிர் மிஞ்சியிருந்ததை ஆஸ்திரேலியக் கடலில் கண்டிருக்கிறார்கள்.

2016-இல் கடல் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளிறியபோது எனக்கு இந்தப் புழுக்களின் நினைப்புத்தான். மீன் என்றால் வேறு பக்கம் நீந்திப் போய்விடும். இது எங்கே போகும்?

அன்று கையை இழுத்துக்கொண்டு அசையாமல் மிதந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மூடி மெல்ல விலகியது. நீல நுனி ஒன்று எட்டிப் பார்த்தது, அப்புறம் சுருள் சுருளாக விரிந்தது.

நன்றி, வணக்கம்.