ட்வீட் ஆற்றங்கரையில் ஒரு பைண்டர் கடை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

நான் பைண்டர். என் அப்பாவும் பைண்டர். பள்ளி விட்டு வந்ததும் அச்சகத்திலிருந்து வந்த பாரங்களை, அதாவது பல பக்கங்கள் சேர்ந்து அச்சான பெரிய தாள்களை, மடித்து அடுக்குவதுதான் என் விளையாட்டு. "உங்கள் தொழிலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று வானொலியில் கேட்டார்கள். என் கதையை எடுத்தால் அது கூலிப் புலம்பலில்தான் போய் முடியும். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில், வேறொரு தேசத்தில், எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் கடை போட்டிருந்த என் தொழில் உறவுக்காரரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஊரின் பெயர் கோல்ட்ஸ்ட்ரீம். ஸ்காட்லாந்தின் தெற்கு விளிம்பில், ட்வீட் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. ட்வீட் துணி என்கிறோமே, அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஆறு. இக்கரை ஸ்காட்லாந்து, அக்கரை இங்கிலாந்து. நடுவில் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் கட்டி 1766இல் முடித்த கல்பாலம். பாலத்தைக் கடந்தால் சட்டம் மாறும், திருச்சபை மாறும், சில சமயம் பணமே மாறும். வீட்டை எதிர்த்துக் காதலித்த ஆங்கில இளசுகள் இந்தப் பாலத்தைக் கடந்து ஓடிவந்து, சுங்கச் சாவடி வீட்டிலேயே இரண்டு சாட்சிகளை நிற்க வைத்துத் திருமணம் செய்துகொண்டார்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்துக்கு அது போதும். இந்தக் கூத்துக்குக் கடிவாளம் போட்ட 1856ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிரபு புரூம் என்பவரின் பெயர். அவரே 1819இல் இதே கோல்ட்ஸ்ட்ரீமுக்கு வந்து மணமுடித்தவர்தான். சரி, அது நம் கதையில்லை.

அந்தக் காலத்து வணிகர் பட்டியல்களில் புத்தக வியாபாரி, எழுதுபொருள் வியாபாரி, பைண்டர் மூன்றும் ஒரே தலைப்பில் வரும். சிற்றூரில் மூவரும் ஒரே ஆள் என்பதுதான் காரணம். பைண்டிங் மட்டும் செய்து பிழைக்க அங்கே அத்தனை புத்தகம் ஏது? காகிதம், மை, இறகுப் பேனா, சிலேட்டு விற்பார். வாடகைக்குப் புத்தகம் கொடுப்பார். இத்தனைக்கும் நடுவில், கடையின் பின்கட்டில் வச்சிரப் பசை உருகும் நாற்றம்.

அன்றைக்குப் புத்தகம் வாங்குவது இன்றைக்குப் போல இல்லை. 1820கள் வரை புது நூல்கள் பெரும்பாலும் வெறும் தாள்களாகவோ, நீலமோ சாம்பலோ நிறக் காகிதம் ஒட்டிய தற்காலிக அட்டையோடோ வரும். வாங்கியவர் தம் பைண்டரிடம் கொண்டுபோய்த் தம் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்வார். பணக்காரர் என்றால் கன்றுத்தோல், நடுத்தரம் என்றால் ஆட்டுத்தோல், அதுவும் கட்டுப்படியாகாது என்றால் முதுகுக்கும் மூலைக்கும் மட்டும் தோல், மிச்சத்துக்கு மார்பிள் காகிதம். ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் எல்லைப்புறக் கதைப்பாடல்களைத் திரட்டிய நூலின் முதல் இரண்டு தொகுதிகள் 1802இல், இதே ஆற்றில் சற்று மேலே இருக்கும் கெல்சோ என்ற சிற்றூரில்தான் அச்சாயின. அதற்குப் பாடல் தேடிக் கொடுத்தவர்களில் ஒருவர் ஜான் லேடன், டென்ஹோம் கிராமத்துக்காரர். அவர் மறு வருடமே நம் சென்னைக்கு மருத்துவராக வந்து, மருந்தைவிட மொழிகளில் அதிகம் மூழ்கினார். 1811இல், இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவில், காற்றோட்டமே இல்லாமல் பூட்டிக் கிடந்த நூலகம் ஒன்றில் சுவடி தேடப் புகுந்தார், காய்ச்சல் கண்டது, மூன்று நாளில் இறந்தார் என்று ஸ்காட் எழுதியிருக்கிறார். பழைய புத்தக அறையின் காற்றை நாற்பது வருடமாகச் சுவாசிக்கிற எனக்கு அதைப் படித்தபோது லேசாகத் தும்மல் வந்தது.

கடைக்குத் திரும்புவோம். கோல்ட்ஸ்ட்ரீம் கடையின் அரிசிப்பானை பைபிள்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆயிரத்து இருபத்து நான்கு பக்கப் பைபிள், பாரத்துக்குப் பதினாறு பக்கம் என்றால் அறுபத்து நான்கு பாரம். ஒவ்வொரு பாரத்துக்கும் மூன்று மடிப்பு. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு முறை எலும்புத் துண்டால் தாளை அழுத்தி இழுக்க வேண்டும். பக்க எண் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் மடிப்பைப் பிரித்து மறுபடி. பிறகு தையல். கீழே பலகை, மேலே குறுக்குச் சட்டம், இரண்டுக்கும் நடுவே விறைப்பாகக் கட்டிய சணல் கயிறுகள். ஊசி பாரத்தின் வயிற்றுக்குள் புகுந்து, கயிற்றைச் சுற்றி வெளிவந்து, மறுபடி உள்ளே போகும். மடிப்பதும் தைப்பதும் அந்நாளில் பெரும்பாலும் பெண்கள் கைவேலை. கடைப் பலகையில் ஆண் பெயர் இருக்கும். முதுகெலும்பைத் தைத்தது அவர் மனைவியாகவோ மகளாகவோ இருப்பார்.

பசைக்கு மாவுதான். பூச்சியும் பூஞ்சணமும் வராமலிருக்க நாங்கள் மயில்துத்தம் போடுவோம், அவர்கள் படிகாரம் போட்டார்கள். மற்றபடி கிண்டுகிற கை ஒன்றுதான். கட்டி தட்டினால் திட்டு வாங்குவதும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

தோல் முதுகில் பொன்னெழுத்து வைப்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து, நுரை தெளியவைத்து, அந்த நீரைத் தோலில் பூசுவார். காய்ந்ததும் எண்ணெய் தொட்ட துணியால் லேசாக ஒற்றிவிட்டு, தங்க ரேக்கை அதன்மேல் படியவைப்பார். மூச்சு விட்டால் பறந்துவிடும். பித்தளை அச்சை அடுப்பில் காய்ச்சி, ஈர விரலால் தொட்டுப் பார்ப்பார். 'சுர்' என்ற சத்தம் பெரிதாக வந்தால் சூடு அதிகம், தோல் கருகும். சத்தமே வராவிட்டால் பொன் ஒட்டாது. அந்தச் சத்தம்தான் அவருடைய வெப்பமானி. நான் கற்றுக்கொண்டதும் அதே சத்தத்தில்தான். இரண்டு முறை கன்னத்தில் அறை வாங்கினேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பைபிளிலும் எல்லை குறுக்கே வரும். ஸ்காட்லாந்துக்காரர் பைபிளின் கடைசியில், தாவீதின் சங்கீதங்களைப் பாட்டாக்கிய பகுதியைச் சேர்த்துத் தைக்கச் சொல்வார், கோயிலில் பாட அது வேண்டும். அக்கரை ஆங்கிலத் திருச்சபைக்காரர் கேட்பது பொது ஜெபப் புத்தகத்தை. அவர் கூலிக்கு ஸ்காட்லாந்து வங்கியின் ஒரு பவுண்டு நோட்டை நீட்டினால், இக்கரையில் அது நல்ல பணம். ஐந்து பவுண்டுக்குக் குறைந்த அந்த நோட்டுகள் இங்கிலாந்தில் புழங்கக் கூடாது என்று 1828இல் சட்டமே வந்தது. பாலத்தின் பாதியில் காசு கடுதாசியாகிவிடும்.

கோல்ட்ஸ்ட்ரீமிலேயே பைபிள் அச்சடித்த கதையும் உண்டு. பைபிள் அச்சிடும் உரிமை அரச அச்சகத்தாரின் ஏகபோகமாக இருந்தது. ஸ்காட்லாந்தில் அந்தப் பட்டயம் 1839இல் முடிந்தது. அதை ஒழிக்கப் போராடியவர்களில் முன்னால் நின்றவர் இந்த ஊர்ப் போதகர் ஆடம் தாம்சன். ஏழைக்கும் வாங்குகிற விலையில் பைபிள் வேண்டும் என்று 1845இல் இங்கேயே அச்சகம் தொடங்கினார். விலை குறைந்தது, போட்டியும் வந்தது, கம்பெனி நொடித்தது. அவர் கைப்பணமும் கரைந்தது. ஏகபோகத்தை உடைத்தவரை மலிவு விலையே உடைத்ததை நினைத்தால் எனக்கு அவர்மேல் மரியாதையும் வருகிறது, வியாபாரியாக ஒரு பெருமூச்சும் வருகிறது.

புதுக் கட்டைவிடப் பழுதுபார்ப்பு முக்கியம் என்பேன். பழைய ஏற்பாட்டுக்கும் புதியதற்கும் நடுவிலுள்ள வெற்றுத் தாளில் குடும்பத்தார் பிறப்பும் திருமணமும் சாவும் எழுதிவைப்பார்கள். ஸ்காட்லாந்தில் அரசு கட்டாயப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரியில்தான். அதற்குமுன் பிறந்த பலருக்கு அந்தத் தாள்தான் சான்று. இப்படிப்பட்ட புத்தகம் முதுகு விட்டுப்போய்க் கடைக்கு வரும்போது, ஓரத்தைச் சீராக்குகிறேன் என்று அரை விரற்கடை அதிகமாக வெட்டிவிட்டால் ஒரு பாட்டியின் பிறந்த வருடம் குப்பைக் கூடைக்குப் போய்விடும். கத்தியை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவரிடம்தான் அந்த ஊர் தன் பைபிளைக் கொடுத்திருக்கும்.

அந்தத் தொழிலின் கீழே மண் எப்போது சரிந்தது? லண்டனில் ஆர்ச்சிபால்ட் லெய்டன் என்ற பைண்டர் 1820களில் புத்தக அட்டைக்கென்றே பசை ஊறாத துணியைப் பக்குவப்படுத்தினார். நாம் காலிகோ பைண்டிங் என்கிறோமே, அந்தப் பரம்பரை. அட்டையைத் தனியாக, ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் செய்து, தைத்த புத்தகத்தை அதற்குள் ஒட்டிவிடலாம். 1830களில் துணிமேல் பொன்னெழுத்தை இயந்திரமே அழுத்தியது. பதிப்பாளரே கட்டி விற்றார். சிற்றூர்ப் பைண்டரிடம் போகவேண்டிய தேவை போயிற்று. ரயில் 1849இல் வந்தது. கோல்ட்ஸ்ட்ரீமுக்கான ரயில் நிலையம்கூட அக்கரையில், இங்கிலாந்தின் கார்ன்ஹில்லில். துணி அட்டை போட்ட மலிவுப் புத்தகங்கள் வண்டியிலிருந்து இறங்கிப் பாலம் கடந்து வந்தன, ஒருகாலத்தில் காதலர்கள் வந்த அதே வழியில்.

கணக்குப் புத்தகம் காப்பாற்றியது. பண்ணையாருக்கும் மாவு மில்லுக்கும் கடைக்காரருக்கும் கோடு போட்ட பேரேடு வேண்டும், அகலம் இவ்வளவு, பத்தி இத்தனை என்று சொல்லிச் செய்யவேண்டும். அது லண்டனிலிருந்து ஆயத்தமாக வராது. எங்கள் கடையையும் பல வருடம் காப்பாற்றியது ரோக்கா என்கிற சீட்டுப் புத்தகமும் ரசீதுப் புத்தகமும்தான்.

அந்தக் காலப் பைண்டர்களில் சிலர், முன் அட்டையின் உட்புற மூலையில் நகத்தளவு காகிதச் சீட்டு ஒன்றை ஒட்டுவார்கள். பெயரும் ஊரும் மட்டும் இருக்கும். நூலாசிரியர் பெயர் முதுகில் பொன்னில் மின்னும், கட்டியவர் பெயர் அந்தச் சீட்டில். புத்தகத்தை மறுபடி கட்டும் அடுத்த பைண்டர் உள்தாளைக் கிழிக்கும்போது சீட்டும் அதோடு போகும்.

நானும் கிழித்திருக்கிறேன். பழைய ஆங்கிலப் புத்தகங்கள் எங்கள் கடைக்கு மூட்டையாக வந்த காலத்தில், எத்தனை என்று எண்ணவில்லை. இப்போது ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, சீட்டைத் தனியே உரித்து எடுக்கிறேன். ஒரு பிஸ்கட் டப்பாவில் பதினேழு சேர்ந்திருக்கிறது. கோல்ட்ஸ்ட்ரீம் சீட்டு ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

வணக்கம்.