செகண்ட் ஹேண்ட் பைக்கில் அதிர்வு: எஞ்சினா, சக்கரமா?

அடுத்த கேள்வி கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோயம்புத்தூரில் 150 சிசி பைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்ட்டும் அதிர்கிறதாம். மெக்கானிக், கிராங்க் (எஞ்சினுக்குள் சுழலும் தண்டு) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். தம்பியோ, "மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுசா விட்டாலும் அதிருது. அப்போ எஞ்சின் கோளாறு இல்லைதானே?" என்று கேட்கிறார்.

தம்பி, அந்த இறக்கத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மூன்றாவது கியரில் இறங்கும்போது நீங்கள் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். எஞ்சின் அதிர்வும் வரும், சக்கர அதிர்வும் வரும், இரண்டையும் பிரிக்க முடியாது. சமவெளிக்காரர் கேட்டிருந்தால், கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு உருளவிட்டுப் பாருங்கள் என்றிருப்பேன். மலை இறக்கத்தில் அதைச் செய்யவே கூடாது. எஞ்சின் பிடிப்பு போய் முழு பாரமும் பிரேக் மேல் விழும்.

அதற்குப் பதில் இப்படிப் பாருங்கள். காரமடை பக்கம் வரும்போது, வண்டி நடமாட்டம் குறைவான நேராக இருக்கும் ரோட்டில் 50-இல் மூன்றாவது கியரில் போங்கள். அதே 50-இல் நான்காவது, அப்புறம் ஐந்தாவது. கியர் மாறும்போது அதிர்வும் மாறினால் எஞ்சின் பக்கம். எந்த கியரிலும் ஒரே மாதிரி இருந்தால் சக்கரம், டயர், செயின் பக்கம். இன்னொன்று, பைக்கை சென்டர் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பாருங்கள். அப்போதும் அதே அதிர்வு வந்தால் சக்கரத்தின் மேல் பழி போட வேண்டாம்.

எஞ்சின் பக்கம் என்றாலும் உடனே கிராங்க் என்று அர்த்தமில்லை. எஞ்சினை ஃபிரேமோடு பிடித்திருக்கும் மவுண்டிங் போல்ட்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் வாங்கிய ஒரு பழைய பைக்கில் யாரோ ஒரு போல்ட்டை மாற்றிச் சின்னதாகப் போட்டிருந்தார்கள். ஓட்டைக்குள் அது ஆடியது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் செயின் செட்டையே மாற்றிவிட்டேன், பணம் வீண். எஞ்சின் ஆறிய பிறகு ஒவ்வொரு போல்ட்டாகப் பாருங்கள். சைலன்சர் கிளாம்ப்பையும் பாருங்கள். ஃபிரேமில் மவுண்டிங் பக்கம் பெயின்ட் வெடித்துத் துருப்பிடித்த கோடு தெரிந்தால், அது விரிசலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்காதீர்கள். இதெல்லாம் சரியாக இருந்து, உள்ளே கடகடவென்று தட்டும் சத்தமும் கேட்டால்தான் எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு.

சக்கரப் பக்கம் என்றால், ஸ்டாண்டில் போட்டு சக்கரத்தைக் கையால் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங். சுற்றிவிட்டு ரிம் நெளிகிறதா பாருங்கள். பின் சக்கரத்தை மெல்லச் சுற்றும்போது செயின் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொய்ந்தால் செயின் செட் தேய்ந்துவிட்டது. பேரிங்கில் ஆட்டம் இருந்தால் தயவுசெய்து அந்த வண்டியில் மலை இறங்காதீர்கள், பஸ்ஸில் போங்கள்.

டயர் எவ்வளவு பழசு என்றும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு எண்கள் சேர்ந்து இருக்கும். 2217 என்றிருந்தால் 2017-ஆம் வருடம் 22-ஆவது வாரம் தயாரித்தது. அந்த எண்ணையும், மூன்று கியரிலும் அதிர்வு எப்படி இருந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு பேசலாம். அதுவரை எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.