மரம் வைத்தவர் போன பிறகு

தலைவர் அவர்களே, முழங்கால் வலியோடும் முன்வரிசைக்கு வந்துவிட்ட புலவர் ஐயா அவர்களே, நான் மைக்கை விடமாட்டேன் என்று தெரிந்தும் அழைத்த செயலாளர் அவர்களே, சுண்டல் செய்து கொண்டுவந்த சகோதரிகளே, வணக்கம்.

ஜெர்மனியில் கோட்புஸ் நகரத்தை ஒட்டி இருக்கிறது பிரானிட்ஸ் மாளிகை. அதன் வீடு, பூங்கா, பாதுகாப்புச் சட்டம் என்று மூன்றைப் பேசச் சொன்னார்கள்.

வீடு 1770களில் கட்டியது. அவ்வளவுதான், பூங்காவுக்கு வருகிறேன்.

'மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்' என்போம். ஹெர்மன் ஃபான் பியூக்லர் என்ற பிரபு கடன் வாங்கி ஊற்றினார். முஸ்காவ் என்ற ஊரில் அவர் போட்ட முதல் பூங்கா கஜானாவையே விழுங்கிவிட்டது. கணவனும் மனைவி லூசியும் உட்கார்ந்து யோசித்தார்கள். 1826இல் விவாகரத்து! சண்டை ஏதும் இல்லை. அவர் இங்கிலாந்து போய்ப் பணக்காரப் பெண்ணைக் கட்டுவது, அந்தச் சீதனத்தில் பூங்காவைக் காப்பாற்றுவது என்று ஏற்பாடு. போனவர் இரண்டு வருடத்துக்கு மேல் பெண் பார்த்தார். பார்த்ததை எல்லாம் யாருக்கு எழுதினார்? விவாகரத்தான மனைவிக்கே! பெண் அமையவில்லை. ஆனால் அந்தக் கடிதங்கள் 1830இல் புத்தகமாகி விற்றுத் தள்ளின. அப்படியும் 1845இல் முஸ்காவை விற்றார். அப்புறம்தான் பிரானிட்ஸ்.

வெறும் மணல்வெளி அது. குளம் வெட்டி, அந்த மண்ணைக் குன்றாகக் குவித்து, வளர்ந்த மரங்களை வேரோடு வண்டியில் கொண்டுவந்து நட்டார். குளத்துக்கு நடுவே மண்ணால் ஒரு பிரமிடு. 1871இல் அதற்குள்ளேயே அடங்கினார். 1884இல் லூசியையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். நான் போனது அக்டோபரில். பிரமிடு முழுக்கக் காட்டுக்கொடி சிவந்து, தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது.

வைத்தவர் குளத்துக்குள் தூங்குகிறார். தண்ணி யார் ஊத்துவது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பத்திடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது, வீடு அருங்காட்சியகமானது. 2018 தொடங்கி வறட்சி, பெரிய மரங்கள் காய்ந்தன. இப்போது அந்தப் பூங்கா மரங்களின் விதையிலிருந்தே கன்று வளர்க்கிறார்கள், வறட்சியைத் தாங்கிப் பழகட்டும் என்று. மாளிகைக்கு வெள்ளையடித்தால் ரிப்பன் வெட்ட ஆள் வரும். நாற்றங்காலுக்கு யார் வருவார்? அதனால்தான் சொல்கிறேன், நம் சங்க நிதியில் ஒரு பங்கு இந்த ஆண்டு கன்றுக்குப் போகவேண்டும்.

செயலாளர் மணியடிக்கிறார். சரி, சட்டம் அடுத்த கூட்டத்தில். கன்றுக்கு நிதி கேட்கும் மனுவில் கையெழுத்துப் போடாமல் போகாதீர்கள், பேனா என்னிடம் இருக்கிறது.