வெறுங்கையோடு எதிரே நின்றால்

நேயர்களுக்கு வணக்கம்.

2021ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒரு வேடிக்கையான கேள்வியைக் கேட்டது. கையில் ஆயுதம் இல்லாமல் எந்தெந்த விலங்கை உங்களால் சண்டையில் வெல்ல முடியும்? எலியை வெல்வேன் என்றவர்கள் நூற்றுக்கு 72 பேர். வீட்டுப் பூனையை வெல்வேன் என்றவர்கள் 69 பேர். பெரிய நாய் என்றதும் எண்ணிக்கை 23 ஆக இறங்கிவிட்டது. ராஜநாகத்துக்கு 15 பேர். யானை, சிங்கம், கொரில்லா மூன்றுக்கும் தலா 8 பேர் துணிந்து கை தூக்கியிருக்கிறார்கள். யானையை வெறுங்கையால் மடக்கப் போகும் அந்த எட்டுப் பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அதற்கான வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. என்னை யோசிக்க வைத்தது பூனைக் கணக்குதான்.

சேலம் மாவட்டத்தில் கால்நடை மருத்துவனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நான்கு கிலோ எடையுள்ள ஒரு வீட்டுப் பூனை, தனக்கு ஊசி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். கெட்டியான துண்டு வேண்டும், பிடிக்க இரண்டு பேர் வேண்டும், அப்படியும் யாராவது ஒருவர் கையில் ரத்தம் வரும். அதன் தோல் உடம்போடு இறுக ஒட்டியிருப்பதில்லை. பிடரியைப் பிடித்தாலும் தோலுக்குள்ளேயே உடம்பைத் திருப்பிக்கொண்டு நான்கு கால் நகங்களாலும் ஒரே நேரத்தில் கீறும். இந்த நான்கு கிலோவை ஐம்பது, அறுபது கிலோவாக்கிப் பாருங்கள். அதுதான் சிறுத்தை. தன் எடைக்குச் சமமான இரையைக் கவ்விக்கொண்டு மரம் ஏறுகிற விலங்கு அது.

நம் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மெல்லிய தோல், தட்டையான நகம், சோற்றுக்கும் முறுக்குக்கும் போதுமான பல். சிம்பன்சிக்கு மனிதனைப் போல் ஐந்து மடங்கு பலம் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைத் திருத்தியது. எடைக்கு எடை ஒப்பிட்டால் அதன் தசையின் ஆற்றல் நம்முடையதைப் போல ஏறத்தாழ 1.35 மடங்குதான். வேறுபாடு தசை இழைகளின் வகையில் இருக்கிறது. அதற்கு வேகமாகச் சுருங்கும் இழைகள் அதிகம், நமக்கு நிதானமாக நெடுநேரம் உழைக்கும் இழைகள் அதிகம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை நடந்தே ஏறிவிடக்கூடிய உடம்பு நம்முடையது. மல்லுக்கு நிற்க அமைந்த உடம்பு அன்று.

அப்படியானால் வெறுங்கையால் ஜெயித்தவர்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். விலங்குகளின் உடல்களைப் பதப்படுத்தி அருங்காட்சியகங்களுக்கு வடிவமைத்த கார்ல் ஏக்லி என்ற அமெரிக்கர், 1896இல் சோமாலிலாந்தில் தன்மேல் பாய்ந்த சிறுத்தையைக் கையாலேயே கொன்றார். அதன் வாய்க்குள் இருந்த தன் கையை வெளியே இழுக்காமல் தொண்டைக்குள் இன்னும் திணித்து, முழங்காலால் விலாவை நெரித்தார். செத்த சிறுத்தையோடு கட்டுப்போட்ட கையுமாக அவர் நிற்கும் புகைப்படம் இருக்கிறது. அந்தப் படத்தில் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அந்தச் சிறுத்தை நாற்பது கிலோகூட இராது, அவருடைய துப்பாக்கிக் குண்டினால் அது முன்பே காயம்பட்டிருந்தது. 2019 பிப்ரவரியில் கொலராடோ மாநிலத்தில் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் தன்னைத் தாக்கிய மலைச்சிங்கத்தை மூச்சுத் திணறடித்துக் கொன்றார் என்று உலகமெங்கும் செய்தி வந்தது. உடற்கூறாய்வில் அது சில மாதங்களே ஆன குட்டி என்று தெரிந்தது. அந்த மனிதரின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. குட்டியே அவர் முகத்தையும் மணிக்கட்டையும் கிழித்துவிட்டது.

நம் ஊர்ச் சாட்சியும் இருக்கிறது. கொங்குப் பகுதியிலும் தருமபுரிப் பக்கத்திலும் புலிகுத்திக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். ஊரையும் மாட்டையும் காக்கப் புலியோடு பொருதவனுக்கு எடுத்த நடுகல் அது. வீரன் வாளையோ ஈட்டியையோ புலியின் உடலில் பாய்ச்சுவதாகச் செதுக்கியிருப்பார்கள். வணங்கிவிட்டு வருகிறோமே தவிர, அந்தக் கல் ஏன் அங்கே நிற்கிறது என்று யோசிப்பதில்லை. பெரும்பாலும் புலியைக் குத்தியவனும் அங்கேயே பட்டுவிட்டான், அதனால்தான் கல். கையில் வாள் இருந்தவனின் கதி அது.

ஜல்லிக்கட்டை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் உண்டு. ஆத்தூர்ப் பக்கம் கூலமேட்டுக்குப் போனால் வெறுங்கையோடு காளையை அணைகிறார்களே என்பார்கள். காளைகளைப் பரிசோதிக்கும் மேசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே யாரும் காளையோடு சண்டை போடுவதில்லை. கொம்பைப் பிடிக்கக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது, திமிலை மட்டும் தழுவிக் குறிப்பிட்ட தூரமோ சில துள்ளல்களோ தொங்கிவர வேண்டும். கொம்பு எட்டாத இடம் திமில். காளைக்கோ அந்த இடத்தை விட்டு வெளியேறினால் போதும். அதன் ஓட்டத்தோடு ஒட்டிப்போவதுதான் கலை. கீழே விழுந்தவன் எழுந்து ஓடாமல் அசையாமல் கிடக்க வேண்டும் என்று பழைய மாடுபிடி வீரர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

வெல்ல முடியுமா என்ற கேள்வியே மனிதர்களுடைய கேள்வி. விலங்குக்குக் கோப்பை வேண்டாம். வேட்டையாடும் விலங்குக்குத் தெரிந்தது ஒரு வியாபாரக் கணக்கு: இந்த இரைக்கு எவ்வளவு செலவாகும்? காலில் ஒரு காயம் பட்டால் அடுத்த பத்து வேட்டை போய்விடும், சிறுத்தைக்கு மருத்துவ விடுப்பு கிடையாது. ஆகவே வெறுங்கை மனிதன் செய்யக்கூடியது, தன் விலையை ஏற்றிக் காட்டுவது. முறத்தால் புலியை விரட்டிய பெண்ணைப் பற்றி மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அது நடந்ததோ இல்லையோ, நடந்திருக்கக்கூடியது. முறத்தால் அடித்துப் புலிக்கு வலிக்கப்போவதில்லை. பயந்து ஓட வேண்டியவள் அகலமான ஒன்றை ஓங்கிக்கொண்டு கத்தியபடி எதிரே வருகிறாள் என்றால் புலியின் கணக்கு குழம்பிவிடும்.

2024இல் மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்ற செய்தி பரவியபோது, எதிரே வந்தால் என்ன செய்வது என்று பலர் என்னிடம் கேட்டார்கள். ஓடாதீர்கள். முதுகைக் காட்டி ஓடும் எதுவும் அதற்கு இரை. குனியாதீர்கள், உட்காராதீர்கள். மனிதன் நிமிர்ந்து நிற்கும்போது சிறுத்தைக்குப் பழக்கமில்லாத உருவமாகத் தெரிகிறான். புல் அறுக்கக் குனிந்தவரும், மறைவாக ஒதுங்கி உட்கார்ந்தவரும், சிறு குழந்தையும்தான் அதன் கண்ணுக்கு ஆட்டின் உயரத்தில் தெரிகிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். துண்டை விரியுங்கள், குடையைத் திறவுங்கள், உரக்கப் பேசுங்கள், முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெல்லப் பின்னால் நகருங்கள். அதற்கு வெளியேற வழி இருக்க வேண்டும். வீட்டுக்குள் புகுந்த சிறுத்தையைக் கூட்டமாகச் சூழ்ந்து கூச்சல் போடுவதைப்போல் அபாயமான வேடிக்கை வேறில்லை. இத்தனைக்கும் பிறகு பாய்ந்தே விட்டால், அப்போது அடிக்க வேண்டும். மூக்கு, கண் என்று எட்டிய இடத்தில், கையில் கிடைத்த எதனாலும். சும்மா கிடந்தால் அது கணக்கை மாற்றிக்கொள்ள நாம் காரணமே தரவில்லை என்று பொருள்.

இந்தப் பாடத்தை அப்படியே ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் உயிர் போகும். சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் சிறுத்தையை அன்று, காட்டெருமையை. வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோ வரை இருக்கும், தோள்பட்டை ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கும். அதற்கு நாம் இரை அல்லோம், இடைஞ்சல். புல் தின்கிற விலங்கு வரவு செலவு பார்த்துத் தாக்குவதில்லை. நெருக்கப்பட்டுவிட்டோம் என்று தோன்றியதும் மோதுகிறது. அதன் எதிரே கையை விரித்துக் கத்துபவர் விலையை ஏற்றவில்லை, நெருக்கடியை ஏற்றுகிறார்.

மோதுவதற்கு முன் அது சொல்லிவிட்டுத்தான் வரும். மூச்சைச் சீறி விடும், தலையைத் தாழ்த்தும். இன்னொன்றும் செய்யும்: பக்கவாட்டில் திரும்பி முதுகை உயர்த்தித் தன் உடம்பின் முழு அளவையும் காட்டும். ‘என் அளவைப் பார், போய்விடு’ என்பது செய்தி. சுற்றுலா வந்தவர்களோ படத்துக்கு அழகாக நிற்கிறது என்று மொபைலை எடுத்துக்கொண்டு இரண்டடி முன்னால் போகிறார்கள். நாகலூர்ப் பக்கம், மஞ்சகுட்டைப் பக்கம் சாலையோரம் இதை நீங்களே பார்த்திருக்கலாம். காரில் இருப்பவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தால் மந்தை தானாகக் கடந்துவிடும். இருசக்கர வண்டிக்காரர் தூரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். நடந்து போகிறவருக்கு இருக்கும் ஒரே ஆயுதம் தோட்டத்து மரம். இடையில் ஒரு தடித்த மரமோ கல்கட்டோ இருக்குமாறு அமைதியாக விலகிப்போவதுதான் வழி. மந்தையை விட்டுத் தனியே திரியும் கிழட்டு ஆண் என்றால் இன்னும் அதிகத் தூரம்.

பழம் பறிக்கப் போகும் பெண்கள் தோட்டத்துக்குள் நுழையும்போது உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். வேலை நேரத்தில் வம்பு பேசுகிறார்கள் என்று மேஸ்திரி சலித்துக்கொள்வதுண்டு. என்னைக் கேட்டால் அந்த வம்புக்குத் தனிக் கூலி தரலாம். தூரத்தில் கேட்கும் மனிதக் குரல் விலங்குக்கு முன்னறிவிப்பு, அது நகர்ந்துவிடும். பத்தடியில் திடீரென்று எழும் குரல் மிரட்டல். கரடியிடமும் இதே நியாயம்தான். கரையான் புற்றைத் தோண்டுவதில் மும்முரமாக இருக்கும் கரடி நம்மைக் கவனிப்பதே பக்கத்தில் வந்த பிறகுதான், பதறி எழுந்து முகத்தைத்தான் பிறாண்டும். அதன் முன்னங்கால் நகங்கள் நம் விரல் நீளம். கரடியிடம் சிக்கியவர் குப்புறப் படுத்து, கைகளைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்வதே நல்லது. சிறுத்தையிடம் போராடச் சொன்னவன் கரடியிடம் படுக்கச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். ஒன்று தின்ன வந்தது, மற்றது பயந்து வந்தது.

பாம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் கடிகளில் கணிசமானவை மிதிப்பதாலும், பிடிக்கவோ அடிக்கவோ போவதாலும் நேர்பவை. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் சண்டை முடிந்துவிட்டது. கடித்துவிட்டால் வாயால் உறிஞ்சுவதும், கத்தியால் கீறுவதும், மந்திரிப்பதும் வேண்டாம். 108ஐ அழையுங்கள், விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.

வெறுங்கையால் எதிர்ப்பதில் பொருளே இல்லாத ஓர் எதிரி மலைத்தேனீ. உயரமான மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் கட்டும் பெரிய அடை. கீழே யாரோ புகை போடுவார்கள், அல்லது ஒரு பையன் கல்லெறிவான். கொட்டிய இடத்தில் தேனீ ஒரு வாசனையை விட்டுவிட்டுச் செல்கிறது, கிட்டத்தட்டப் பழுத்த வாழைப்பழ வாசனை. அது மற்ற தேனீக்களுக்கு அழைப்பு. நாம் அடித்து நசுக்கும் ஒவ்வொன்றும் அந்த அழைப்பை மேலும் பலமாக்குகிறது. இங்கே மட்டும் ஓடச் சொல்கிறேன். முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு, காரோ கட்டடமோ கதவடைக்கக் கூடிய இடம் வரை நிற்காமல் ஓடுங்கள். தண்ணீரில் குதிக்காதீர்கள், தலை தூக்கும் வரை அவை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

மனித உடம்பில் ஒரே ஓர் உறுப்பு உண்மையாகவே பிற விலங்குகளுக்கு இல்லாத வல்லமை பெற்றது. அது தோள்பட்டை. குறிபார்த்து வேகமாகக் கல்லெறிய எந்த விலங்காலும் நம்மைப்போல் முடியாது. சிம்பன்சி எறிவதைவிட நம் பத்து வயதுப் பையன் வேகமாக எறிவான். இதைத் தெரிந்துவைத்திருப்பது தெருநாய். கல்லே இல்லாத சிமெண்ட் சாலையில்கூட, எடுப்பதுபோல் குனிந்தால் பெரும்பாலான நாய்கள் பின்வாங்கும். சிறுத்தை முன்னால் குனிவது ஆபத்து, நாய் முன்னால் குனிவது பாதுகாப்பு. இரவில் கூட்டமாக வரும் நாய்களிடம் மட்டும் இந்த நடிப்பு எப்போதும் எடுபடாது. அங்கே ஓடாமல் நின்று, கண்ணுக்குக் கண் முறைக்காமல், பையையோ சைக்கிளையோ குறுக்கே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும்.

சேலம் நகரத்தில் இருக்கும் நமக்கு ஆபத்தான விலங்கு என்றால் நடைமுறையில் இந்த நாய்தான், சிறுத்தையோ கரடியோ அன்று. நாயை விரட்டியடித்து ஜெயித்தவரும் ரேபிஸிடம் தோற்கலாம். அறிகுறி தோன்றிய பிறகு அந்த நோயிலிருந்து பிழைப்பது அரிதிலும் அரிது. பல் பட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், அதன் பிறகு 3, 7, 28ஆம் நாள் ஊசிகளையும் விடாதீர்கள். பல் தோலைக் கிழித்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் (இம்யூனோகுளோபுலின்) தேவை, கேட்டுப் பெறுங்கள். நாயைப் பத்து நாள் கவனித்துப் பார்க்கலாமே என்பவர்கள் தாராளமாகப் பார்க்கட்டும், முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து பார்க்கட்டும்.

நன்றி, வணக்கம்.